ஓடாத கான்

இருபத்திரண்டு வருசமாய்க் கான் வெட்டுகிறவன் நான்.
தண்ணீரின் குணம் எனக்குத் தெரியும்.
ஒரு விரற்கடை சாய்வு கொடுத்தால் போதும்,
மஸ்கெலியா ஆறுவரை யாரையும் வழி கேட்காமல் போய்விடும்.

அதனால்தான் ஞானப்பூ சொன்னபோது
தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

"லயத்துக்குப் பின்னால,
சவுக்கு மரத்துலேர்ந்து பெரிய கல்லு வரைக்கும்
ஒரு கான் வெட்டணுமாம்.
சாய்வு இல்லாம. மட்டமா."

"யாரு சொன்னா?"

இடுப்புப் படங்கை உதறிக்கொண்டே
மேலே பார்த்தாள்.
மேலே கூரைத் தகரத்தில் ஓட்டைதான் இருந்தது.

மாசிக் கடைசி. பீலியில் நூல்போலத் தண்ணீர்,
குடத்துக்குக் குடம் வாய்ச்சண்டை.
தேயிலையே கருகிக் கிடக்கும் மலையில்
வராத தண்ணிக்கு ஓடாத கான்.
"சாமிக்கு மலை தெரியாது போல" என்றேன்.
"அதைச் செஞ்சவருக்கா?" என்றாள்.
அதற்குமேல் நான் பேசவில்லை. பேசினால் தோற்பேன்.

பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்ததும்
மண்வெட்டியை அவளே எடுத்தாள்.
மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோணலாய் வெட்டினாள். கை கொப்புளித்தது.
நாலாம் நாள் நான் இறங்கினேன்,
அரைப் போத்தல் தண்ணீரைப் படுக்கவைத்து மட்டம் பார்த்தபடி.
கடவுளுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று யாரும் எழுதவேண்டாம்.
கோணல் கானைப் பார்க்கச் சகிக்கவில்லை,
அவ்வளவுதான்.

ஆறாம் காம்பரா சவரிராயன்
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டான்:
"என்னடா, மீன் வளர்க்கப் போறியா?"

வைகாசியில் மழை.
மலையில் எல்லாக் கானும் பாய்ந்து ஓட
என் கான் மட்டும் நிறைந்து
சும்மா கிடந்தது, முழித்தபடி.
நுளம்பு வந்தது. பின்னாலேயே பி.எச்.ஐ. ஐயா வந்தார்.
பதினாலு நாளில் மூடு,
இல்லாவிட்டால் கோர்ட் என்று துண்டு கொடுத்தார்.

துண்டை அவள் முன்னால் வைத்தேன்.
"மூடச் சொன்னாரா?"
கண்ணை மூடி நெடுநேரம் இருந்தாள்.
"இன்னும் சொல்லல."
"வேற என்ன சொன்னாரு?"
"ஒண்ணும் சொல்லல."
அன்றிரவு அவள் அழுதது
அடுத்த காம்பராவுக்கும் கேட்டது. சுவர் அவ்வளவு மெல்லிசு.

பதினோராம் நாள், விடியுமுன்,
டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு போனேன்.
விடாத மழை.
கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மேலே கொட்டுகிறது,
உள்ளே சேற்றில் ஒரு தவளை திகைத்திருக்கிறது.
ஓடாத தண்ணீர் எங்கே போகும்?
சாய்வு கிடையாது. மட்டம் பார்த்தவன் நான்தான்.
குனிந்து தடவினேன்.
பெரிய கல்லருகே அடிமண்ணில்
விரல் நுழைந்தது. பிறகு கை.
பிறகு முழங்கை.
எங்கோ ஆழத்தில்
மலை குடித்துக்கொண்டிருந்தது.

நான் வழக்கமாய் வெட்டும் கானாயிருந்தால்
ஓடிக்கொண்டே இருந்திருக்கும், கெட்டிக்காரத்தனமாய்,
ஒன்றையும் காட்டிக்கொடுக்காமல்.

பதினாலு காம்பராக் கதவையும் தட்டினேன்.
"யாருடா சொன்னா?" என்றான் சவரிராயன்.
வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை.
முழங்கைவரை சேறு. அதைக் காட்டினேன்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள், பள்ளிக்கூட மண்டபத்தில்.
மலை விழவில்லை.
கோழிகள் அங்கே, சட்டிபானை இங்கே,
பிள்ளைகளுக்குச் சளி.
வேலைக்கு வராதவர்களுக்குப் பேர் இல்லையென்று
தொரை ஆள் அனுப்பிவிட்டார்.
அளந்து பார்க்க வரவேண்டியவர்கள்
நுவரெலியாவிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.
"கான் வெட்டி எங்களைக் கெடுத்தான்" என்கிறார்கள்,
எனக்குக் கேட்கும்படியாகவே.

ஞானப்பூ மூலையில் தூங்குகிறாள்,
தன் பங்கு முடிந்தவள்போல.
நான் தூங்குவதில்லை.
இந்தத் தகரத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்கிறேன்.
மழைதான் பேசுகிறது.

சவரிராயனின் சின்ன மகள் வந்து
சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்:
"மாமா, எப்ப வீட்டுக்குப் போறது?"

"இன்னும் சொல்லல" என்கிறேன்.